மாலைக்குக் கீழிருந்த கை

மழையாய் இறங்கிக் குன்றெல்லாம் பச்சையாய் எழுகின்றவளே, பாடுவதற்கு வாயையும் அதற்கு மேலே பார்ப்பதற்கு இரண்டு கண்களையும் தந்தவளே, நின் திருவடி தொழுது தொடங்குகிறேன். வாயைப் பயன்படுத்திய அளவு கண்ணைப் பயன்படுத்தாத அடியேன் எழுதும் இச்சில பக்கங்களில் பொய் கலவாதிருக்க நீயே காவல்.

தை மாதத்து வளர்பிறைத் தசமியும் உரோகிணியும் கூடிய இந்த நன்னாளில், ரிங்லெட் என்னும் மலையூருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து வீட்டில் அமர்ந்து இதை எழுதுகிறேன். நல்ல நாளில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். வெட்கப்பட்டதை எழுதுவதும் நல்லது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நான் இத்தோட்டத்தில் பிறந்தவன். தேயிலை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பக்திப் பாடல்களைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்து, வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் மாரியம்மன் கோயிலில் பாடி வருகிறேன். ஒரு பாடலின் பொருளில் ஐயம் எழுந்தாலும், ஒரு திருவுருவின் இலக்கணத்தில் ஐயம் எழுந்தாலும், “ஐயாவைக் கேளுங்க” என்று சொல்வது இங்கே வழக்கம். அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கோயிலின் உள்மண்டபச் சுவரில் ஆளுயர அம்மன் படம் ஒன்று இருந்தது. தேயிலை அடைத்து அனுப்பும் பெட்டிகளின் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்து, அதன்மேல் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டிய படம். தீட்டியவர் என் மாமனார். பெட்டிகளின்மேல் தோட்டத்தின் அடையாளத்தையும் எடையையும் எழுதுவதே ஆலையில் அவருக்கு வேலை. ஓவியம் கற்றவரல்லர், வாழ்நாளில் அவர் தீட்டிய படம் அது ஒன்றுதான். அதைக் கோயிலுக்குக் கொடுத்த சில ஆண்டுகளில் காலமானார். அவருடைய புகைப்படம்கூட என் மனைவியிடம் கிடையாது. அப்பா என்று அவள் யாருக்காவது காட்ட வேண்டுமானால், அந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

அது நெடுநாள் வெறும் படமாக இருக்கவில்லை. மந்திரம் சொல்லிப் பூசையில் வைத்தார்கள். பூசையில் வைத்தபின் படம் திருமேனி ஆகிவிடுகிறது. திருமேனிக்கு ஆடை வேண்டும். பட்டுத் துணியைக் கொசுவிக் கழுத்துக்குக் கீழே குண்டூசிகளால் குத்தி, அதன்மேல் மாலை சாத்துவோம். முகம் மட்டும் தெரியும். மாமனாருக்குப்பின் சில பெரியவர்கள் செய்த அந்தப் பணி, அவர்கள் காலத்துக்குப்பின் மருமகனாகிய எனக்கு வந்தது.

ஆடை மாற்றும்போது திரையை இழுத்துவிட வேண்டும். பெண்கள் திரைக்குள் வருவதில்லை. உள்ளே நிற்கும் ஆணும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். தாய் உடை மாற்றும்போது மகன் நிமிர்ந்து பார்க்கலாகாது என்று எனக்கு முன் அப்பணியைச் செய்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தாழ்த்துவதோடு நிற்கவில்லை. கண்ணையே மூடிக்கொண்டேன். வாய் பாடிக்கொண்டிருக்கும், விரல்கள் பழைய ஊசித் துளைகளைத் தடவிக் கண்டு அவற்றிலேயே ஊசியைச் செருகும். பாடல் முடிவதும் சாத்துப்படி முடிவதும் ஒரே நேரத்தில் நிகழும். திரை விலகியதும் வெளியே நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வாரந்தோறும் செவ்வந்தி மாலை அனுப்புவார். நீர் தெளித்து, ஈரத்தோடு, கனமாக வரும். அதை அம்மனின் இடத் தோளிலிருந்து பாதம்வரை தொங்கவிடுவது நானே ஏற்படுத்திய அழகு. அப்படிச் சாத்தினால் முகம் எடுப்பாகத் தெரிகிறது என்று பலரும் சொன்னார்கள்.

எங்கள் மலையில் பனிமூட்டம் வாசலில் நிற்பதில்லை. கோயிலுக்குள்ளும் வரும், பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டைக்குள்ளும் வரும். பலகை எத்தனை காலம் தாங்கும்? சென்ற ஆண்டு திருப்பணிக் கூட்டத்தில் கோயில் தலைவர் எழுந்து பேசினார். திரிங்காப்பிலிருந்து லோரியில் காய்கறி ஏற்றி அனுப்புபவர் அவர்.

“பலகையெல்லாம் இத்துப் போச்சு ஐயா. முறைப்படி அணை ஏரியில விட்டுட்டு, ஈப்போவுல டைல்ஸ்ல பிரிண்ட் அடிச்சு ஒட்டிடுவோம்லா. மழைக்கும் பயமில்ல, பனிக்கும் பயமில்ல. ஈரத்துணியால தொடைச்சா போதும்.”

பலரும் தலையசைத்தார்கள். கூட்டங்களில் வாய் திறவாத என் மனைவி, பின்வரிசையிலிருந்து, “ஏரியிலயா? எங்கப்பாவையா?” என்றாள்.

பழைய படங்களைச் செப்பனிடும் ஓவியர் ஒருவர் ஈப்போவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரை வரவழைத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று.

வந்தவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதைக் கடந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்தவர். காற்சட்டையும் சாயக் கறை படிந்த முழுக்கைச் சட்டையும் அணிந்து, தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வருவதற்கு முன்பே குருக்கள் அம்மனின் ஆற்றலைப் படத்திலிருந்து எடுத்து, நீர் நிறைந்த கும்பத்துக்கு மாற்றியிருந்தார். திருப்பணி தொடங்குமுன் எல்லாக் கோயில்களிலும் செய்கிற சடங்குதான். அதன்பின் படம் திருமேனி அன்று, பலகை. ஆகவே பெண்கள் தொடலாம், பட்டை அவிழ்க்கலாம், வெயிலில் வைக்கலாம். கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கொட்டகையில் அதைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்கள். ஓவியர் ஒவ்வொரு குண்டூசியாகப் பிடுங்கிப் பட்டை எடுத்தார்.

முகமும் தோள்களும் நன்றாகவே இருந்தன. மேற்கைகள் இரண்டில் உடுக்கையும் பாசமும். கீழ் வலக்கையில் சூலம். அம்மனின் இடப்புறத்தில் மட்டும் தோளிலிருந்து பாதம்வரை ஒரு முழ அகலத்துக்குப் பூஞ்சை கறுத்துப் பற்றியிருந்தது. சாயம் உரிந்து பலகை தெரிந்தது. அங்கே இருந்திருக்க வேண்டிய கீழ் இடக்கையைக் காணவில்லை.

“இந்தக் கையில என்ன இருந்துச்சு?” என்று ஓவியர் கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மனைப் பாதம் முதல் முடிவரை வருணிக்கும் பாடலை எடுத்து, நான்கு கைகளும் வரும் பகுதியை இராகத்தோடு பாடினேன். கபாலம் என்ற சொல் வந்ததும் விரலை உயர்த்திக் காட்டினேன்.

ஓவியர் முழுவதும் கேட்டார். “நல்லா பாடுறீங்க ஐயா. ஆனா பாட்டுல இருக்கிறத நான் கேக்கல. படத்துல நீங்க பாத்தத கேக்குறேன்.”

“ரெண்டும் ஒன்னுதாம்மா” என்றேன்.

“ஒன்னா இருந்தா நல்லதுதான். நீங்க பாத்தீங்களா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். “என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? வெள்ளிக்கெழம தவறாம சேல கட்டுறவரே இவருதான். இந்தத் தோட்டத்துலயே இவரு ஒருத்தருதான் பாத்திருக்காரு.”

அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபின் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வழி இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. “பார்த்ததைத்தான் சொல்றேன். கபாலம்தான்” என்றேன்.

அன்று வீடு திரும்பும்போது மனைவி பேசிக்கொண்டே வந்தாள். “எனக்கு என்னமோ பச்சையா ஒன்னு இருந்த மாதிரியே ஞாபகம். அப்பா தூக்கிக் காட்டுனாரு, சின்னப் புள்ளயில. பச்சன்னா பச்ச, அப்படி ஒரு பச்ச. கபாலம் எப்படிங்க பச்சையா இருக்கும்? நான்தான் எதையோ பாத்துட்டு எதையோ நெனச்சிட்டிருக்கேன் போல.” சிறிது தூரம் நடந்தபின், “நீங்க சொன்னா சரிதான்” என்றாள். அவளுடைய கண் பார்த்த ஒன்றை என்னுடைய வாய் அழித்ததை அறிந்தும் நான் வாளாவிருந்தேன்.

ஓவியர் சுண்ணக்கட்டியால் பலகைமேல் கபாலம் ஒன்றைக் கோடிட்டுப் பார்த்தார். அழித்தார். மீண்டும் கோடிட்டார். பிறகு எனக்குச் சொல்லியனுப்பினார். நான் போனபோது முழங்கால்மேல் தட்டை வைத்து, என் மனைவி கொடுத்தனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கை ஒட்டமாட்டேங்குது ஐயா. எதுத்தாப்புல உக்காருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

“கருணை பொழியும் திருமுகம்” என்று தொடங்கினேன்.

“கருணை உங்க மனசுல இருக்கு. பலகையில என்ன இருக்கு?”

“திருநயனம் அடியேனை நோக்கி…”

“எங்க நோக்குது? கருவிழி நடுவுல இருக்கா, ஓரத்துல இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே தெரியவில்லை. பார்வையை முகத்தில் வைத்ததும் பாடல் வந்து குறுக்கே நின்றது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அடைமொழி என்னிடம் ஆயத்தமாக இருந்தது. அடைமொழி வந்தபின் உறுப்பைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

ஓவியர் தட்டைக் கீழே வைத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் என்னவென்று கேட்பதற்குள் படத்தின் இரு ஓரங்களையும் பற்றி அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டார்.

“அம்மா! என்ன காரியம் செய்றீங்க!” எழுந்தே விட்டேன்.

“அம்மன் கும்பத்துல இருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க. இது பலகை. இப்பப் பாருங்க.”

மீண்டும் உட்கார்ந்தேன். பிறகு பார்த்தேன். தலைகீழாக இருந்த ஒன்றுக்கு என்னிடம் பாடல் இல்லை. முதன்முறையாகக் கோடுகள் தெரிந்தன. சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. ஒரு கன்னம் மற்றதைவிடக் கறுத்திருந்தது. சூலம் என்று நான் நூற்றுக்கணக்கான முறை பாடியது, படத்தில் நெட்டுக்குத்தாக நிற்கவேயில்லை. சாய்ந்து போகும் நீண்ட கோடு அது.

“பேரு சொல்லாதீங்க” என்றார் ஓவியர். “கோடு, நெறம், நெழலு, கனம். இத மட்டும் சொல்லுங்க. என்ன அர்த்தம்ங்கிறது கடைசியில வரட்டும்.”

அன்றும் அதற்குப் பின்வந்த பிற்பகல்களிலும் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். படம் சில நாளில் நிமிர்ந்தும் சில நாளில் தலைகீழாகவும் இருக்கும். ஓவியர் தம் வேலையைச் செய்துகொண்டே இடையிடையே ஏதாவது கேட்பார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது? உள்ளங்கையால் ஒரு பகுதியை மறைத்துவிட்டுப் பார்த்தால் மற்றது மாறுகிறதா? நான் பிழையாகச் சொன்னால் திருத்தமாட்டார். “சரி, இன்னொரு தடவ பாருங்க” என்பார். ஐயாவைக் கேளுங்க என்று கேட்டே பழகிய செவிக்கு அந்தச் சொல் உறைத்தது.

மூக்கின் நிழல் ஒரே பக்கமாக விழுவதைக் கண்டேன். அம்மனின் வலப்புறமிருந்து, சற்று உயரத்திலிருந்து வெளிச்சம் வருவதாக மாமனார் தீட்டியிருந்தார். பாடலில் அம்மன் ஆயிரம் ஞாயிறுகளாய் ஒளிர்பவள். இங்கே ஒரு பக்கத்து வெளிச்சத்தில் நிற்கும் பெண். தேநீர் கொண்டுவந்த மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. “ஆலையில கொழுந்து வாட்டுற மேல்மாடியிலதான் ஞாயித்துக்கெழமைகள்ல வரைவாரு. ஒரு பக்கந்தான் சன்னல். அம்மா சோறு எடுத்துட்டுப் போவாங்க.” பிறகு குனிந்து வளையல்களைப் பார்த்தாள். “இங்க பாருங்களேன், வளையல எட்டாம் நம்பர் மாதிரியே போட்டிருக்காரு. பெட்டியில நம்பர் எழுதுற கைதானே.” ஓவியர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் வளையலைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அத்தனை ஆண்டுகளாக என் விரல் அந்த எட்டுகளின்மேல் ஊர்ந்திருக்கிறது.

மறுநாள் நான் தனியாக இருந்தேன். ஓவியர் டவுனுக்கு ஏதோ வாங்கப் போயிருந்தார். படம் நிமிர்ந்திருந்தது. சொல்லிக் கொடுத்தபடி மேலிருந்து தொடங்கினேன். கருவிழிகள் நடுவில் இல்லை. இரண்டும் கீழ்நோக்கி, அம்மனின் இடப்புறமாக ஒதுங்கியிருந்தன. என்னை நோக்குகிறாள் என்று ஒவ்வொரு வெள்ளியும் நெஞ்சுருகிப் பாடினேனே, அவள் என்னை நோக்கவேயில்லை. தலையும் அப்பக்கமே சற்றுச் சாய்ந்திருந்தது. சூலத்தின் கோடு வலப்புற மேல் மூலையில் தொடங்கி, உடலின் குறுக்கே சரிந்து, இடப்புறக் கீழ்ப்பகுதியைச் சுட்டியது. சேலைக் கரையின் மடிப்புகளும் அங்கேயே ஒழுகின. கண்ணை எங்கே வைத்தாலும் படம் அதைக் கைப்பிடித்து அந்த ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றது. ஓவியம் படிக்காத அந்த மனிதர், இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள் என்று பலகை முழுவதும் சொல்லி வைத்திருந்தார். சொல்லப்பட்ட இடத்தில் பூஞ்சை இருந்தது.

அருகில் போனேன். அழிந்த கையில் தோளிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை ஒரு கோடு மட்டும் எஞ்சியிருந்தது. கபாலம் ஏந்துவதற்கு முழங்கை மடங்க வேண்டும். இந்தக் கை மடங்கவில்லை. நேராகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆகவே கபாலம் இல்லை. இருக்க முடியாது. கறுப்புக்கு நடுவே நகத்தளவு நகத்தளவாகச் சில பச்சைத் திட்டுகள் ஒட்டியிருந்தன. ஆலைக் கதவுக்கு அடிக்கும் அழுத்தமான பச்சை. இலையா, கிளியா, கீழே நின்ற எதுவோ ஒன்றா, அறிய வழியில்லை.

பிறகு பூஞ்சையையே பார்த்தேன், பெயர் சொல்லாமல். நீளமான பட்டை. தோளில் குறுகி, போகப்போக அகன்று, பாதத்தருகே குஞ்சம்போல் விரிந்திருந்தது. அந்த வடிவம் எனக்கு நன்றாகத் தெரிந்த வடிவம். நான் தொங்கவிட்ட செவ்வந்தி மாலையின் வடிவம். இருபுறமும் நெருக்கமாக ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துருவின் வளையம். ஈரப்பூவும் ஈரப்பட்டும் ஆண்டுக்கணக்காக ஒட்டிக் கிடந்து அந்தக் கையைத் தின்றிருக்கின்றன. பனி அழித்தது என்றுதான் எல்லோரும் சொன்னோம். பனி எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தானே படியும்? ஒரு பக்கத்தை மட்டும் அழித்தது என் பக்தி.

ஓவியர் திரும்பி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். “அம்மா, நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்” என்றேன்.

அவர் வியப்படையவில்லை, அதுதான் என்னை மேலும் கூசச் செய்தது. ஈரத்துணியை எடுத்துச் சுண்ணக்கோட்டுக் கபாலத்தைத் துடைத்தார். “உங்க வீட்டம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்றேன்.”

வீட்டில் மனைவி முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டியதையும், பாடலை நம்பிச் சொன்னதையும், மாலையின் வடிவத்தையும் சொன்னேன். அவள் கத்தி நிற்கவில்லை. முழுக்கோஸும் அரிந்து முடிந்தபின்தான் நிமிர்ந்தாள்.

“எத்தன தடவ கேட்டிருப்பேன், அப்பா கீழ என்ன வரைஞ்சிருக்காருன்னு?”

“கேட்டிருக்கே.”

“பாட்டுதானே பாடுனீங்க?”

“ஆமா.”

“பேரப்புள்ளைங்ககிட்ட எல்லாம் கபாலம், கபாலம்னு சொல்லி வச்சிருக்கேன்.” அவள் குரல் உயரவில்லை. “பொம்பளன்னு என்னைய தெரைக்கு வெளிய நிப்பாட்டுனீங்க. சரி, நின்னேன். உள்ள போன நீங்க கண்ண மூடிக்கிட்டீங்க. அப்பறம் யாருங்க பாத்தது எங்கப்பா வரைஞ்சத?”



அடுத்த கோயில் கூட்டத்தில் என் பொய்யை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல நேர்ந்தது. கும்பாபிடேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது; ஒரு கை இல்லாத உருவம் பின்னம், அதைப் பூசையில் வைக்கலாகாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். கை எப்படி இருந்தது என்று தெரியாது, தெரியாமல் போனதற்குக் காரணம் நான் என்று எழுந்து சொன்னேன். சிலர் என்னைத் தேற்ற முயன்றார்கள். சிலர் கூரையைப் பார்த்தார்கள். பொய்யாகத் தேற்றாமல் கூரையைப் பார்த்தவர்கள்மேல்தான் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

தலைவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: “ஒரு கைதானே ஐயா. வேப்பெலையோ எலுமிச்சம்பழமோ போட்டு முடிச்சிடுவோம்லா. யாருக்குத் தெரியப் போகுது? மேல சேலதானே இருக்கப் போகுது.”

இத்தனை காலம் நான் வாழ்ந்த கொள்கையை மற்றொருவர் வாயில் கேட்பது கொடுமை. நான் மறுத்துப் பேசுவதற்குள் பின்வரிசையில் மனைவி எழுந்துவிட்டாள்.

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி போடவேணாம். அப்பா கை போனது போனதாவே இருக்கட்டும்.”

“அப்ப டைல்ஸ்தான் அக்கா.”

“டைல்ஸே வைங்க. சாமிக்கு எது முறையோ அத செய்ங்க. பலகைய எனக்குக் குடுங்க. வீட்டுக்கு இல்ல. கொட்டகையில மாட்டுங்க. சேல வேணாம், மால வேணாம். சாப்பிட வர்றவங்க பாக்கட்டும்.”

அவ்வாறே ஆயிற்று. ஓவியர் பூஞ்சையைச் சுரண்டி, மேலும் உரியாதபடி மெருகு பூசி, காணாமற்போன இடத்தைப் பலகை நிறத்திலேயே விட்டார். எஞ்சிய பச்சைத் திட்டுகளைத் தொடவில்லை. துளைகளை அடைக்கட்டுமா என்று மனைவியைக் கேட்டார். வேண்டாம் என்று அவள் சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கும்பாபிடேகம் குறைவின்றி நடந்தது. உள்மண்டபத்தில் புதிய அம்மன் பளபளவென்று வந்துவிட்டாள். சாத்துப்படிக்கு வேறொருவர் இருக்கிறார். நான் பாடுகிறேன், முன்னைவிடத் தாழ்ந்த குரலில். பாடல்களின்மேல் எனக்குக் குறையில்லை. அவற்றைப் பாடியவர்கள் பார்த்துவிட்டுப் பாடியிருப்பார்கள். அவர்களுடைய கண்ணைக் கடனாக வாங்கி என் கண்ணை மூடிக்கொண்டது என் பிழை.

சென்ற வெள்ளி அன்னதானத்தில் பந்தி காத்து நின்ற அம்மாள் ஒருவர், தபாவிலிருந்து வந்தவர், படத்தை வெகுநேரம் உற்று நோக்கிவிட்டு என்னிடம் கேட்டார். “ஐயா, இந்தக் கையில என்ன இருந்துச்சு? எல்லாம் அங்கயே பாக்குற மாதிரி இருக்கே.”

பழக்கம் என்பது கொடியது. விடை நாவின் நுனிவரை இராகத்தோடு வந்துவிட்டது. விழுங்கினேன். அருகில் இலை போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை அசையாமல் நின்றதை உணர்ந்தேன்.

“தெரியாதும்மா. பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை” என்றேன்.

மனைவி அடுத்த இலையைப் போட்டாள். “கிட்ட போயி பாருங்கம்மா. பச்ச இன்னும் கொஞ்சம் இருக்கு” என்று அந்த அம்மாளிடம் சொன்னாள்.

இதைப் படிப்போர் யாவரும் நலம்பெற்று வாழ்க. அன்புடையோர் கைப்பட்ட பொருள்கள் இருக்கும்போதே அவற்றை நின்று நோக்கும் பொறுமை உங்களுக்கு வாய்க்கட்டும். நோக்கியதை நோக்கியவாறே சொல்லும் துணிவும் வாய்க்கட்டும். உங்கள் இல்லங்களில் ஒளி ஒரு பக்கத்துச் சன்னல் வழியாகவேனும் நாள்தோறும் நுழையட்டும். அம்மை எல்லோரையும் காப்பாளாக.